எங்கள் குழு தெமோதரையில் கூடிய நாள்

ஒரு திங்கட்கிழமை காலை வேலையைத் தொடங்கக் கணினியைத் திறந்தபோது, கொழும்பு அலுவலகத்திலிருந்து எங்கள் தமிழ்க் குழுவுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. மட்டக்களப்பிலிருந்து எங்களோடு வேலை செய்த பெண்ணைப் பற்றியது. "அவர் இனி எங்களுடன் இல்லை. அவருடைய வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்." அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை.

அவரையும் எங்கள் மேற்பார்வையாளரையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். இணையத்தில் துணிமணியும் வீட்டுச் சாமான்களும் விற்கும் ஒரு நிறுவனத்துக்குத் தமிழில் எழுதிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் வேலை. பொருள் வரவில்லை, அளவு சரியில்லை, படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கொரோனாக் காலத்தில் கொழும்பு அலுவலகத்தை மூடியபோது தங்கியிருந்த போர்டிங் அறையைக் காலி செய்துகொண்டு என் ஊரான தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் நான். அதன்பிறகு யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் எல்லாம் வீட்டிலிருந்தபடியே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

அந்தச் செய்தியை நான் இரண்டாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது கணினியில் அழைப்பு வந்தது. குழுவில் இருந்த ஒரு முஸ்லிம் பெண். எழுத்தில் மட்டும் பழக்கம். குரலைக் கேட்டது அன்றுதான். அழுதுகொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் புள்ள மௌத்தாயிட்டாவா?"

"செத்துட்டாங்களான்னு எனக்கும் தெரியலீங்க. என்னா ஆச்சின்னு ஒண்ணுமே போடலியே."

"வெள்ளிக்கிழமகூட எனக்கு ஒரு ஓடர் பாத்துக் குடுத்தா. சுகமில்லண்டுகூட சொல்லல்ல. யார்ட்ட கேக்குற? போன் நம்பர்கூட இல்லியே எங்கட்ட."

யாரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அழுகிறவரைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்பதற்காக, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். பண்டாரவளை என்றார். எங்களுக்குப் பக்கத்துப் பட்டணம்; எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்டாரவளையில் எங்கே என்றேன். சந்தைக்குப் போகிற வழியில் வாப்பாவின் துணிக்கடை, அதற்கு மேல்மாடியில் வீடு என்றார். தீபாவளிக்கு என் அம்மா சேலை எடுக்கிற கடை அது. நான் அந்தக் கடைப் படியில் நின்று மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். மேலே உட்கார்ந்து என்னோடு ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தவரை எனக்குத் தெரியாது.

பிறகு எங்கள் மேற்பார்வையாளருக்கு எழுதினேன். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்களை நடத்துகிறவர். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அவருக்கு ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டார்."

அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே கூசியது. ஒரு பெண் எங்கள் நடுவிலிருந்து எழுந்து போயிருக்கிறாள். செத்தாளா இருக்கிறாளா என்று சொல்லக்கூட எங்களில் ஒருவராலும் முடியவில்லை. இப்படி இனி நடக்க விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆறு பேரும் நேரில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். எப்படி என்று தெரியாது. ஆனால் செய்தே தீருவது என்று இருந்தேன்.

எங்களை ஒன்றுசேர்க்க நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் திரையில் ஒன்றுகூடல் வைப்பார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் மிகவும் உற்சாகமான குரலில் விளையாட்டு நடத்துவார்; எங்களை ஒவ்வொருவராக எழுதிக் கூப்பிடுவது மேற்பார்வையாளர். சிறுவயதுப் படத்தைக் காட்டி இது யார் என்று கண்டுபிடிப்பது, கையில் கிடைத்த பொருளைத் தூக்கிக் காட்டுவது, இப்படி. நாங்கள் கெமராவை அணைத்துவிட்டுக் கைதட்டுகிற படத்தை அழுத்திக்கொண்டிருப்போம். முடிந்ததும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

மேற்பார்வையாளரிடம், அந்த மட்டக்களப்புப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைத் தருவீர்களா என்று கேட்டேன். தருவதற்கு விதியில் இடமில்லை என்றார். அப்படியானால் என் இலக்கத்தை அவருக்குக் கொடுங்கள் என்றேன். "சரி." என்று ஒரு சொல்லும் ஒரு முற்றுப்புள்ளியும் வந்தன. அந்த முற்றுப்புள்ளிகள் எனக்குப் பழக்கம். எனக்கு அவர்மேல் ஏற்கெனவே ஒரு கசப்பு இருந்தது. குரல் செய்தி அனுப்பினால், "நீர் ஏன் இன்னும் அனுப்பேல்லை?" என்றுதான் கேட்பார். எங்கள் பக்கத்தில் வேலையிடத்தில் யாரும் யாரையும் 'நீர்' என்று சொல்ல மாட்டோம். நாடகத்தில் ராஜா காவலாளியைக் கேட்பதுபோல இருக்கும். ஆகவே அவர் என் இலக்கத்தைக் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை.

கொடுத்திருந்தார். அந்த வாரமே மட்டக்களப்பிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது பட்டணத்தில் ஒரு புத்தகக் கடையில் நிற்பதாகச் சொன்னார். ஏன் வேலையை விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நான் இப்ப உங்கட ஆளில்லையே அக்கா."

"அதனாலதான் கூப்பிடுறேன். வாங்க."

மேற்பார்வையாளரையும் மற்றவர்களையும் கூப்பிட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னபோதுதான் உண்மையான சண்டை. அம்மா அப்போதுதான் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசைவீட்டுக்கு, இறங்கி வந்திருந்தார்.

"லயத்துக்கா? ஒனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? பண்டாரவளையில எத்தன ஹோட்டல் இருக்கு. அங்க கூட்டிட்டுப் போ."

"ஹோட்டல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிருவாங்கம்மா. எனக்கு அது வேணாம்."

"யாழ்ப்பாணத்து ஐயா வர்றாருங்கிற. எங்க உக்கார வைப்ப? கூரையப் பாரு. செவுத்தப் பாரு."

சுவரைப் பார்த்தேன். பாதி வரைக்கும் நீலச் சாயம், அதற்கு மேல் புகை. இந்தச் சுவர் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நானும் இத்தனை நாள் கெமராவை அணைத்து வைத்திருந்தேன். வருகிறவர்கள் என் வீட்டைப் பார்ப்பதற்காகத்தானே வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா உள்ளே சட்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

மார்கழி விடுமுறையில் நாள் குறித்தோம். அந்த வாரம் மழை விடவே இல்லை. மேட்டிலிருந்து மண் சரிந்து பாதை அடைபட்டது, ரயிலும் நின்றது. எங்கள் லயத்திலும் சில குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கொழும்பிலிருந்து, "இதனால்தான் திரையில் செய்வது எல்லாருக்கும் வசதி" என்று எழுதினார்கள். வசதிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நாங்கள் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறோம் என்று பதில் போட்டேன். பண்டாரவளைத் தோழி எனக்குத் தனியாக எழுதினார்: "நீங்க விடமாட்டீங்க போல." விடமாட்டேன் என்றேன்.

பொங்கல் முடிந்து வந்த ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், அது நடந்தது. ஆறு பேரில் இரண்டு பேர் வரவில்லை. ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல். மற்றவர் கடைசிவரை வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் விடமாட்டார்கள் என்பதை அன்று காலையில்தான் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் தேங்காய் வாங்கியாகிவிட்டது.

பண்டாரவளைத் தோழி வாப்பாவின் முச்சக்கரவண்டியில் ஒரு பெரிய சட்டி நிறையக் கோழிக்கறியோடு வந்து இறங்கினார். கறி அவர் பொறுப்பு, சோறும் மரக்கறியும் எங்கள் பொறுப்பு என்று முன்னமே பேசியிருந்தோம். அவருடைய வாப்பா வாசலில் நின்று லயத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்களா? பச்சைக் கரை இல்லாட்டி சேல எடுக்க மாட்டீங்களே!" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை சுவரைப் பற்றி இருந்த கவலை கொஞ்சம் இறங்கியது.

மட்டக்களப்புப் பெண் பதுளைக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வந்தார். நான் நினைத்ததைவிட மிகவும் சின்னவர், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். என் கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது அவருக்கு முழங்கால் வரை வந்தது.

மேற்பார்வையாளர் இரவு பஸ்ஸில் வந்து, காலை ரயிலைப் பிடித்து தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, பாதை கேட்டுக் கேட்டு நடந்தே வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, மெலிந்த, வெட்கப்பட்ட மனிதர். நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. தோளில் ஒரு பெரிய பை. என்ன சேர் அது என்று கேட்டதற்குப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பலூன்கள், காகிதக் கோப்பைகள், நூல்கட்டு.

"கொழும்பிலை சொன்னவை, கட்டாயம் ஒரு விளையாட்டு வைச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. நான் என்ன செய்யிறது?"

வைத்தோம். லயத்துக்கு முன்னால் வரிசையாக நின்று பலூனை ஊதிக் காலில் கட்டிக்கொண்டு, மற்றவர் பலூனை மிதித்து உடைக்க வேண்டும். மலைக்காற்று வந்து இரண்டு பலூனைத் தூக்கித் தேயிலைக்கு மேலே கொண்டுபோனது. மேற்பார்வையாளர், போட்ட செருப்போடு, "விடாதேங்கோ, விடாதேங்கோ!" என்று சரிவில் ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். பலூன் கிடைக்கவில்லை. அவர் தேயிலைக்குள் இடுப்பளவு நின்று மூச்சு வாங்குவதைத்தான் பண்டாரவளைத் தோழி படம் எடுத்தார். அதையே கொழும்புக்கு அனுப்பினோம்.

விளையாட்டு அதோடு முடிந்தது. பிறகு அவரவர் பாட்டுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டோம். மேற்பார்வையாளர் தேங்காய் துருவினார். நன்றாகவே துருவினார். வீட்டில் மனைவி ஆசிரியை, காலைச் சமையல் தன்னுடையது என்றார். அப்போது அவருக்கு மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. "ஓம், வந்து சேர்ந்திட்டன். நீர் சாப்பிட்டனீரே?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த கனிவு எனக்கு வியப்பாக இருந்தது. போனை வைத்ததும் கேட்டே விட்டேன்.

"சேர், நீங்க வீட்டம்மாவையும் 'நீர்'னுதான் சொல்வீங்களா?"

"ஓம். வேறை எப்பிடிச் சொல்லுறது?"

"என்னைய 'நீர்'னு சொன்னா எனக்கு அடிக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு வருஷமா கோவத்தில இருக்கேன்."

அவர் துருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயோ, நீங்கள் எண்டால் தள்ளி வைக்கிற மாதிரி எண்டெல்லோ நான் உங்களை நீர் எண்டனான்." எல்லாரும் சிரித்தோம். அவர் சிரித்தபடியே அடுத்த தேங்காய் மூடியை எடுத்தார்.

சாப்பாடு பரிமாறியபோது நான் கேட்கப் பயந்ததைப் பண்டாரவளைத் தோழி கேட்டார். ஏன் சொல்லாமல் போனீர்கள், நான் அழுதேன் தெரியுமா என்று.

மட்டக்களப்புப் பெண் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "வேல கஷ்டமெண்டு விடல்ல அக்கா. காலையில இருந்து பொழுதுபடும் வரைக்கும் நான் எழுதுறன். ஆனா ஒத்தரும் என்னோட கதைக்கல்ல. உம்மா வீட்ட இல்லாத நாளையில நான் வாயத் திறந்தே இருக்க மாட்டன்." நாங்கள் பார்த்ததும், "அம்மாவ உம்மாவெண்டுற இவங்கட பேச்சு எனக்கும் தொத்திட்டு," என்று பண்டாரவளைத் தோழியைக் காட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்தச் சின்ன வயசுப் படம் கேட்ட விளையாட்டு நினைவிருக்கா? எனக்கிட்ட படம் இல்ல எண்டு எழுதினன். எங்கட வீட்டுச் சாமான் எல்லாம் சுனாமியில போன. அப்பாவும் போன. யாரும் ஏன் இல்லையெண்டு கேப்பீங்களோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். 'பரவாயில்லை, அடுத்தவர்' எண்டு வந்த."

அதை எழுதியவர் மேற்பார்வையாளர். எல்லாரும் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றோம். அவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான் எழுதினனான் பிள்ளை. அடுத்த ஆளைக் கூப்பிட வேணும் எண்ட அவசரம். எனக்கு விளங்கேல்லை."

"உங்களக் குத்தம் சொல்லல்ல சேர். முகத்தப் பாத்திருந்தா நீங்க கேட்டிருப்பீங்க."

அவர் தலையை ஆட்டினார். அம்மா உள்ளிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், அந்தப் பெண்ணின் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார். யாருக்கும் அவசரம் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை செய்தார், எப்படி இருப்பார் என்று கேட்டோம். அவரும் நிறையச் சொன்னார்.

பின்னேரம் மழைமூட்டம் இறங்குவதற்குள் மற்றவர்கள் கிளம்பினார்கள். மட்டக்களப்புப் பெண் அன்றிரவு எங்களோடு தங்கினார். அவர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. புத்தகக் கடையில் நாலு பேர் வந்து பேசுகிறார்கள், அது போதும் என்றார். நான் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் வாரத்தில் ஒருமுறை எனக்குக் குரல் செய்தி அனுப்புவார்.

படத்தைப் பார்த்த கொழும்பு அலுவலகம் மிகவும் சந்தோஷப்பட்டது. அடுத்த தடவை எல்லாரையும் கொழும்பில் கடற்கரை ஹோட்டலுக்குக் கூப்பிடுகிறோம், ஒரு இரவு தங்கலாம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இரவு தங்குவது என்றால் எங்களில் பாதிப் பேரால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. திரையில் கூட்டம் வைத்தபோது நான் கெமராவைப் போட்டுக்கொண்டு சிங்களத்தில் பேசினேன். என் பின்னால் அந்த நீலச் சுவர் தெரிந்தது. ஹோட்டல் வேண்டாம். வருஷத்தில் சில நாள், பகலில், ஒவ்வொருவர் ஊரிலும் மாறி மாறி. அந்த நாளை வேலை நாளாகக் கணக்கில் எடுக்க வேண்டும், லீவில் கழிக்கக் கூடாது. எங்களிடமிருந்து வேலையை விட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று நீங்கள் கேட்பதில்லை, நாங்கள் கேட்டோம் என்று சொன்னேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மேலதிகாரி, இதனால் வேலைக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் மேற்பார்வையாளர் பேசினார். வழக்கமாக அந்தக் கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசாதவர். "முந்தி ஒரு சிக்கலான முறைப்பாடு வந்தால் ஒருத்தரும் மற்றவரைக் கேட்க மாட்டினம். தங்களுக்குள்ளையே வைச்சுக்கொண்டு பிழைவிடுவினம். இப்ப உடனை போன் எடுத்துக் கேக்கினம்," என்பதைத் தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று விட்டார்கள். எங்களுக்கு அது போதும்.

எங்களுக்குள்ளே இன்னொன்றும் தொடங்கினோம். தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். எங்கள் பெரட்டு காலையில் கொஞ்ச நேரம், குரலில். வேலையைப் பற்றிப் பேசக்கூடாது. யாருக்கு என்ன சுகம், நேற்று என்ன நடந்தது என்று மட்டும். யாழ்ப்பாணத்துக்காரரும் அதைப் பெரட்டு என்றுதான் சொல்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "எங்க பெரட்டுல தொண்ட கிழியக் கத்துவாங்கடி, அதுக்குப் போயி இந்தப் பேர வச்சிருக்கீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். வீட்டில் விடாத அந்தத் தோழி இன்னும் ஒரு சந்திப்புக்கும் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் கூடியபோது அவருக்காகக் கெமராவைத் திறந்து வைத்து, சாப்பிடுகிற மேசையின் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்தோம். அது போதாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அடுத்த சந்திப்பை அவர் ஊரிலேயே வைப்பதற்கு அவருடைய மாமியாரோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் லுணுகலையிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். காலை அழைப்பில் "ஆமாங்க", "இல்லீங்க" தவிர ஒன்றும் பேசவில்லை. முதல் வாரம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பதுளைக்குப் போய் லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். கிளம்பும் முன் போன் போட்டுச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா, உன்னைப் பார்க்க என்றேன். மறுமுனையில் அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

சந்தியில் குடையைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் சுடச்சுட வடையைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, அந்தச் சாமான ரிட்டர்ன் அனுப்புறது எனக்குப் புரியவே இல்ல. கேட்டா என்னா நெனப்பீங்களோன்னு பயமா இருந்திச்சி," என்றாள்.

வடையை ஓரமாக நகர்த்திவிட்டு, போனை மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.